புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

மார்கழி வந்தால் எங்கள் வேப்பனப்பள்ளி பக்கம் விடியற்காலையில் போர்வையை விட்டு வெளியே வர மனசு வராது. ஓசூர் இன்னும் மோசம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், குளிர் கொஞ்சம் அதிகமாகவே அடிக்கும். நமக்காவது போர்வை இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மோலிக்கும் கப்பிக்கும் ஏஞ்சலுக்கும் என்ன இருக்கிறது?

அதனால்தான் மற்ற மாதங்களில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை டிசம்பர், ஜனவரியில் வகுப்பில் நாலைந்து பேராவது கேட்கிறார்கள். "மீன் மேல உப்பு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்குடா, என்ன மருந்து போடறது?"

என்னைக் கேட்டால் இந்தக் கேள்வி பாதிதான் சரி. "என்ன மருந்து" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எத்தனை நாள்" என்று யாரும் கேட்பதில்லை. மீன்கள் சாவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் இது என்ன நோய்?

வெள்ளைப்புள்ளி நோய், ஆங்கிலத்தில் செல்லமாக 'இக்'. காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்று. இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்று 1876-ல் ஃபூகே என்ற பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் அர்த்தம் அருமையானது: 'நிறைய பிள்ளை பெற்ற மீன் பேன்'. அந்த 'நிறைய பிள்ளை' என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மொத்த வைத்தியமும் அதில்தான் இருக்கிறது.

இணையத்தில் 'வெண்புள்ளி நோய்' என்று தேடினால் இறால் பண்ணைச் செய்திகளும் வந்து விழும். 1990களின் நடுவில் நம் கடலோர இறால் பண்ணைகளை நாசமாக்கியது ஒரு வைரஸ். பெயர் மட்டும்தான் ஒன்று. அந்த நோய்க்கு இன்றைக்கும் மருந்து கிடையாது. நம் தொட்டி மீனுக்கு வருவதைக் குணப்படுத்த முடியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு "இது குணமாகாதாம்" என்று கைவிட்டு விடாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோல்டு ஃபிஷ் ஆண்மீனுக்கு இனப்பெருக்கப் பருவத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வரும். அது பருவம், நோய் இல்லை. உடம்பு, வால், துடுப்பு என்று ஒழுங்கில்லாமல் எல்லா இடத்திலும் புள்ளி, மீன் போய்க் கல்லில் உரசிக்கொள்கிறது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்றால்தான் நாம் பேசும் நோய். செவுளில் மட்டும் தாக்கினால் வெளியே புள்ளியே தெரியாமல் மூச்சுத்திணறல் மட்டும் இருக்கும். அதுதான் ஆபத்தான வகை.

புள்ளி எங்கே போகிறது?

மீன் மேல் தெரியும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளிக்குள்ளும் ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. அது மீனின் தோலுக்கு மேல் உட்காரவில்லை, மேல்தோலுக்கு அடியில் போய் உட்கார்ந்து தின்கிறது. அதனால் தண்ணீரில் நீங்கள் ஊற்றும் எந்த மருந்தும் அந்த நேரத்தில் அதை ஒன்றும் செய்யாது. மீனின் தோலே அதற்குக் கூரை.

வயிறு நிறைந்ததும் மீனை விட்டுக் கீழே விழுகிறது. கல்லிலோ செடியிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொண்டு, உள்ளேயே இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிகிறது. ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் குட்டிகள். சில சமயம் ஆயிரம் வரைகூட. உறை உடைந்ததும் அவை நீந்தி மீனைத் தேடுகின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

உப்பும் மருந்தும் நன்றாக வேலை செய்வது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். தோலுக்கடியில் இருப்பதையும் கொல்லாது, உறைக்குள் இருப்பதையும் சரியாகக் கொல்லாது. நீந்தித் திரியும் குட்டியைக் கொல்லும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை மருந்து ஊற்றுகிறோம். வியாழக்கிழமை புள்ளி எல்லாம் மறைந்துவிடுகிறது. "சூப்பர் மருந்துடா" என்று பாட்டிலை மூடி வைத்துவிட்டு, தண்ணீரை மாற்றி மருந்தையும் வெளியே ஊற்றிவிடுகிறோம். உண்மையில் நடந்தது என்ன? ஒட்டுண்ணி சாகவில்லை, சாப்பிட்டு முடித்துக் கீழே இறங்கிக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. மருந்து ஊற்றாமல் இருந்தாலும் அந்தப் புள்ளிகள் அதே சமயத்தில் மறைந்திருக்கும்! அடுத்த வாரம் பத்துப் புள்ளி இருந்த மீன் மேல் நூறு புள்ளி. "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். இரண்டாவது சுற்றில் மீன் தாங்குவதில்லை.

ஆக, தொட்டியில் ஒரு புள்ளிகூட இல்லாத அந்த நாட்களில்தான் வைத்தியம் கட்டாயம் நடந்துகொண்டிருக்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

அப்போ எத்தனை நாள்?

அது தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு வாரம் இழுக்கும். 7 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த நீரில் ஒரு மாதத்துக்கும் மேல். தண்ணீர் குளிரக் குளிர ஒட்டுண்ணி மெதுவாகிறது, நமக்கு வைத்தியம் நீளுகிறது. சென்னையில் இருக்கும் நண்பர் "எனக்கு பத்து நாள்ல சரியாச்சு" என்று எழுதுவதை ஓசூரில் ஹீட்டர் இல்லாமல் இருப்பவர் அப்படியே பின்பற்றினால் பாதியில் நிறுத்தியதாகத்தான் ஆகும்.

பொதுவான கணக்கு இது. கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து குறைந்தது இன்னும் ஒரு வாரம். மொத்தத்தில் இரண்டு வாரம். குளிர்ந்த நீர் என்றால் மூன்று வாரம் அல்லது அதற்கு மேல். காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஹீட்டர் இருந்தால் வேலை சுலபம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகிறது, பெருகுவதும் தடைபடுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். ஏற்கெனவே செவுள் புண்ணான மீனுக்கு அது பெரிய இழப்பு. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், அதை 30 டிகிரியில் வாட்டாமல் உப்பை நம்புவது நல்லது. அப்புறம், தொட்டிக்குள் கை விடுமுன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். மீனைக் காப்பாற்றப் போய் நாம் போகக் கூடாது.

உப்புக் கணக்கு

நாம் காமர்ஸ் பசங்க, கணக்கில் விட்டுவிடக் கூடாது. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். நம் வீடுகளில் இருக்கும் இரண்டடி தொட்டி 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். மேலே விட்ட இடமும் அடியில் கிடக்கும் கல்லும் போக 45 லிட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் கல் உப்பு. சமையலறை டப்பாவில் இருக்கிற அதே கல் உப்பு போதும். தனிப் பாத்திரத்தில் கரைத்து, மூன்று பங்காகப் பிரித்து, ஒரு நாள் முழுக்க விட்டு விட்டு ஊற்ற வேண்டும்.

இரண்டு நாளுக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மேலாகத் தண்ணீரை மொண்டு எடுக்காமல் டியூபைக் கல்லுக்குள் விட்டு அடியிலிருந்து உறிஞ்ச வேண்டும், உறை கட்டிய ஒட்டுண்ணிகள் அங்கேதான் கிடக்கின்றன. புதிதாக ஊற்றும் 11 லிட்டருக்கு 22 கிராம் உப்பு மட்டும் சேர்த்தால் போதும். நிறையப் பேர் ஒவ்வொரு முறையும் மறுபடி 90 கிராம் போடுகிறார்கள். உப்பு ஆவியாகிப் போகாது, நாம் எடுத்து வெளியே ஊற்றினால்தான் போகும்! பேங்க் பேலன்ஸ் மாதிரி. எடுத்ததை மட்டும்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் லோச்சும் உப்பைச் சரியாகத் தாங்காது, செடிகளும் வாடும். அவை இருந்தால் அளவைப் பாதியாக்கி, சூட்டையும் தண்ணீர் மாற்றுவதையும் அதிகம் நம்பலாம்.

புதுத் தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பதற்காகத்தான் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கியது. அந்தக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு விஷம். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

பெயரில்லாத பாட்டில்

உப்பும் சூடும் போதாத நேரம் உண்டு, மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலகைட் கிரீன், ஃபார்மலின், மயில்துத்தம் எல்லாம் உலகம் முழுக்க இதற்குப் பயன்பட்டவைதான். ஆனால் எதுவும் விளையாட்டுப் பொருள் இல்லை. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு, காரத்தன்மை குறைந்த தண்ணீரில் மீனையே கொன்றுவிடும். மாலகைட் கிரீன் அடிப்படையில் துணிக்கும் தோலுக்கும் போடும் சாயம். உணவு மீனுக்கு அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் அனுமதி இல்லை.

அப்படிப்பட்ட பொருள் பல கடைகளில் எப்படி விற்கிறது? ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி. உள்ளே நீலமாகவோ பச்சையாகவோ ஏதோ ஒன்று. பெயர் இல்லை, அடர்த்தி இல்லை, தயாரித்தவர் இல்லை, தேதி இல்லை. "அஞ்சு சொட்டு விடுங்க தம்பி" அவ்வளவுதான். எத்தனை லிட்டருக்கு ஐந்து சொட்டு? எத்தனை நாள்? ஃபில்டரில் கரித்தூள் இருந்தால் அது மருந்தை உறிஞ்சிவிடும், அதை முதலில் எடுக்க வேண்டும் என்று எத்தனை கடையில் சொல்கிறார்கள்?

நாம் பாடத்தில் படிக்கிற விஷயம்தான் இது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வாங்கும் பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை இவற்றைத் தெரிந்துகொள்வது நம் உரிமை என்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகள், பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் பெயர், நிகர அளவு, மாதம் வருடம், விலை இருக்க வேண்டும் என்கின்றன. பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, கடையில் பெயரில்லாத குப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறோம். பெயர் எழுதாத மருந்தை வாங்க மாட்டேன் என்று நாம் சொன்னால் போதும், பெயர் எழுதிய மருந்து தானாக வந்து சேரும்.

கடைக்காரர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை. சென்னை கொளத்தூர் பக்கமோ பெங்களூரோ, மீன் ஆக்சிஜன் அடைத்த பையில் இரவெல்லாம் வண்டியில் வருகிறது. குலுக்கல், நெரிசல், குளிர். பல இடத்து மீன் ஒரே தொட்டியில் கலக்கிறது. அதில் ஒன்றிடம் ஒட்டுண்ணி இருந்தாலும் போதும். அவர்களுக்கும் இதில் நஷ்டம்தான். ஆனால் "இந்த மீன் நேற்றுதான் வந்தது, ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லும் கடைதான் என் பார்வையில் நல்ல கடை. அப்படி ஒருவர் சொன்னால் கோபப்படாமல் அவரிடமே வாங்குங்கள்.

"இருபது ரூபாய் மீனுக்கு இவ்வளவா?"

இதுதான் எல்லோரும் கடைசியில் கேட்பது. மீன் இருபது ரூபாய், ஹீட்டர் நானூறு ரூபாய், செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாமே?

கணக்காகவே பார்ப்போம். ஹீட்டர் முதலினச் செலவு. ஒரு முறை வாங்கினால் நாலைந்து குளிர்காலம் ஓடும், தேய்மானம் போட்டால் வருடத்துக்கு நூறு ரூபாய். உப்பு இரண்டு ரூபாய்கூட ஆகாது. ஒவ்வொரு மார்கழியும் தொட்டியைக் காலி செய்து பத்து மீன் புதிதாக வாங்குவது வருவாயினச் செலவு, வருடா வருடம் இருநூறு. அதோடு புது மீன் புது நோயையும் கொண்டு வரலாம். கணக்குப்படியே வைத்தியம்தான் லாபம்.

ஆனால் கணக்கு மட்டும் பேசினால் எனக்குத் திருப்தி இல்லை. அந்த மீன் நம் வீட்டுக்கு வரக் கேட்கவில்லை. நாம்தான் கண்ணாடிக்குள் வைத்தோம். ஏரியில் இருந்தால் அது நீந்தித் தப்பிக்கலாம், தண்ணீர் பெரிது, குட்டிக்கு மீன் கிடைப்பது கஷ்டம். 45 லிட்டரில் தப்பிக்க இடம் எங்கே? ஒன்றிலிருந்து வந்த நூறும் அதே மீனைத்தான் தேடிப் போகும். தப்பிக்க வழியில்லாத இடத்தில் வைத்தவர்களுக்கு இரண்டு வாரம் உப்பு போட்டுத் தண்ணீர் மாற்றும் பொறுப்பும் இருக்கிறது. விலை இருபது ரூபாய் என்பது நாம் கொடுத்தது, அதன் வலிக்கு அது அளவு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சாகிறதுக்குள்ள ஏரியில் விட்டா புண்ணியம்" என்று நோய் வந்த மீனைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த ஒட்டுண்ணிக்கு நன்னீர் மீனில் சாதி பேதம் கிடையாது. கட்லா, ரோகு, கெளுத்தி எல்லாவற்றையும் பிடிக்கும். கோடையில் சுண்டிப்போன குட்டையில் மீன்கள் நெருக்கமாக இருக்கும்போது அதுவும் பெரிய தொட்டிதான். எங்கள் ஊர் வழியே போகும் மார்க்கண்டேய நதி தென்பெண்ணையில் சேர்கிறது. அந்தத் தென்பெண்ணையில் 1957-ல் திறந்த கிருஷ்ணகிரி அணையில் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தொட்டியிலிருந்து வெளியே போன 'டேங்க் கிளீனர்' மீன் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கெடுப்பதைப் பார்த்த பிறகும் நாம் பாடம் கற்கவில்லை என்றால் எப்படி?

வருமுன் காப்பது

புது மீனை நேராகத் தொட்டியில் விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் பம்ப், இரண்டு வாரம் முடிந்தால் மூன்று வாரம் தனியாக. நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இரண்டு தொட்டிக்கும் ஒரே வலையைப் போடக் கூடாது, ஈரத்தோடு ஒட்டுண்ணியும் வரும். தொட்டியில் எல்லா மீனும் போய்விட்டால் கல்லைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. மீனே இல்லாமல் மூன்று வாரம் சும்மா ஓட விடுங்கள். மீன் இல்லாமல் அது வாழாது.

நோயிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது என்பது ஆராய்ச்சியில் உறுதியானது. ஆனால் அதனிடம் ஒன்றிரண்டு ஒட்டுண்ணி மறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் பழைய மீன் தெம்பாக இருக்கிறதே என்று அதனோடு புதியதை உடனே சேர்க்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் யூடியூபில் 'ஒரே இரவில் குணம்' என்று வரும் வீடியோக்களை விட்டுவிட்டு படித்தவர்களைக் கேளுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று நம் மாவட்டத்திலேயே பாரூரில் இருக்கிறது. ஒரே இரவில் குணம் என்று யார் சொன்னாலும் அவர் புள்ளியைப் பற்றித்தான் பேசுகிறார், நோயைப் பற்றி இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் தொட்டியில் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே தேதியைக் குறித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஐந்தாம் நாள் மீன் பளிச்சென்று இருக்கும், நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். வேறு முறையில் காப்பாற்றியவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கூடவே உங்கள் ஊர், தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்பதையும் எழுதினால் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.